வயிறு தெரியாத படம்

“அப்ப உள்ள போனது உள்ளயேதான் தங்கிடுமா?”

“தங்காதுண்ணே. அன்னிக்கே, அந்த நொடியே போயிடுச்சு. டார்ச் லைட்ட அணைச்சா வெளிச்சம் எங்கயாவது தங்குதா? அந்த மாதிரிதான்.”

“டார்ச்சு தோலத் தாண்டி உள்ள போவாது மேடம். இது போச்சுல்ல? எலும்பு வரைக்கும் போவும்னு நீங்கதான சொன்னீங்க, அன்னிக்கி, பள்ளிக்கூடத்துல?”

சொன்னது நான்தான். முகாம் தொடங்கும்போது பயத்தைப் போக்குவதற்காக ஒரு சின்னப் பேச்சு பேசுவேன். எக்ஸ்ரே என்பது ஒரு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாது, தோலையும் சதையையும் தாண்டிப் போய் எலும்பைப் படம் பிடித்துக்கொண்டு வரும், வலிக்காது என்பேன். ஜனங்கள் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு மூன்று வாரம் கழித்து, பேருந்து ஏறி, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் எங்கள் அறக்கட்டளையின் மாடி அறைக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்திருந்தது.

அவர் பெயர் மாயவன். நாற்பது வயதிருக்கும். வெள்ளிமலையில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் அவருடைய ஊர். அங்கே நாங்கள் காச நோய்க்கு மார்புப் படம் எடுக்கப் போனபோது, வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் சுவரோரமாக நின்றவள் அவருடைய தம்பி மனைவி கோகிலவாணி. இருபத்திரண்டு வயது. பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் இரண்டு முறை சொல்லியும் அவள் உட்காரவில்லை.

அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. அதில் கோபம் ஒன்றும் கிடையாது. அவர்கள் வீட்டில் கணவனின் அண்ணன் முன்னால் பெண் வாய் திறப்பதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்காருவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு சொல்வார்கள். இன்று அந்த நடு ஆள் நான். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டாள்.

இந்த வழக்கம் முகாம் அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பள்ளிக்கூட வராந்தாவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கள் கருவி கையில் தூக்கிக்கொண்டு போகிற வகை, பெரிய கேமரா மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் அதன் பேட்டரி இறங்கத் தொடங்கிவிட்டது. மலை மேல் மழை கட்டிக்கொண்டு நின்றது. படம் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நான் அதை வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

“யாராச்சும் மாசமா இருக்கீங்களா? யாருக்காவது நாள் தள்ளிப் போயிருக்கா?”

பல்லில்லாத ஒரு கிழவி, “எனக்குத்தான் பத்து மாசம், புடிச்சிப் பாரு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். வரிசை மொத்தமும் சிரித்தது. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் முன்னால் நின்றவர் மாயவன். அவரும் சிரித்தார். நான் படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டங்களின் மேல், மேலிருந்து கீழாக, ஒரே கோடாக இழுத்துவிட்டேன்.

கோகிலவாணிக்கு அன்று நாற்பத்தைந்து நாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்தது. கணவனுக்குக்கூட அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மூத்தார் காதில் விழும்படி எப்படிச் சொல்வாள்?

“நாலு மணிக்கு வரச் சொல்லிக்கிறாங்க,” என்றார் மாயவன். “கிளினிக்ல. மாத்திரையிலயே முடிஞ்சிடும், ஒரு நாள் வயித்து வலியோட போவும்னாங்க. நான் நேரா அங்கதான் கூட்டிக்கினு போறதா இருந்தேன். தம்பிதான் போன்ல சொன்னான், படம் எடுத்தவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்கன்னு.”

தம்பி இளவரசன் கோயம்புத்தூரில் கட்டட வேலையில் இருந்தான். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயில் வைத்து அனுப்பியது யார் என்று கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் இப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மணி இரண்டேகால்.

“கலைக்கவே வேணாம்ணே,” என்றேன். “ஒண்ணுமே ஆகாது. மார்ப மட்டும்தான் எடுத்தோம். கொழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது இருக்குதா இல்லியாங்கிற அளவுதான்.”

“நீங்க நல்லா சொல்றீங்க. என் பொண்ணு எழில்மதிக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னாங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. “ஒம்பது வயசு ஆவுது. கழுத்து நிக்கல. இன்னிக்கும் நான்தான் தூக்கிக்கினு போயி வெளிய உக்கார வக்கிறேன். சோறு ஊட்டினா பாதி வெளிய வந்துடும். சிரிக்கும், நல்லா சிரிக்கும். நான் அத கொறயா சொல்லல. ஆனா இன்னொண்ணு வந்தா அந்த வூட்ல யாரு தூக்கறது? எனக்குப் பொறவு ரெண்டையும் யாரு தூக்கறது? அதச் சொல்லுங்க.”

அவர் அறியாமையால் பயப்படும் மனிதர் இல்லை. ஒன்பது வருஷமாகத் தோளில் சுமந்து அறிந்துகொண்டதை வைத்துப் பயப்படுகிறார். என்னிடம் இருந்ததோ பாடப் புத்தகத்தில் படித்த சில எண்கள்.

மடிக்கணினியைத் திறந்து அவளுடைய படத்தைத் தேடி எடுத்தேன். பெயர், தேதி, நேரம், கீழே அவள். நுரையீரல் இரண்டும் சுத்தமாக, மழை பெய்து ஓய்ந்த இரவு வானம் மாதிரிக் கறுத்துக் கிடந்தன. விலா எலும்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வளைந்து இறங்கின. நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இதயம். அதற்குக் கீழே படத்தின் சட்டம் முடிந்துவிடுகிறது.

“இங்க பாருங்கண்ணே. இதோட முடிஞ்சிடுச்சு. வயிறு இதுல இல்லவே இல்ல. கதிர் கீழ எறங்காதபடி இந்த அளவோட அடைச்சுத்தான் எடுத்தேன். நீங்களே பாருங்க.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

மாயவன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கையைத் தூக்கித் திரையை மறைத்தார். “மூடுங்க மேடம். மூடுங்க. தம்பி பொண்டாட்டி மார நான் பாக்கறதா? இன்னா இது?”

“இது வெறும் எலும்புண்ணே.”

“எலும்போ சதையோ. மூடுங்க.”

மூடினேன். கோகிலவாணி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை முழுக்கப் போர்த்திக்கொண்டு நின்றாள். என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அவர் பார்க்கக் கூடாத ஒன்றாகிவிட்டது. வாயால் சொல்லிப் பார்த்தேன். படத்தில் வயிறு வரவில்லை, இடுப்பு வரவில்லை, ஒளி விழுந்த இடம் மேலே மட்டும்தான் என்றேன்.

“படத்துல தெரியலன்னா, படலன்னு ஆயிடுமா?” என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. பிறகு திரும்பினார். “நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. அவ்ளோ கம்மின்னா நீங்க ஏன் அன்னிக்கி அந்த கனமான அங்கிய மாட்டிக்கினு நின்னீங்க? என் பொண்டாட்டி வந்து, அது இன்னா சட்டை, எருமத் தோலு மாதிரி இருக்குதுன்னு கேட்டா.”

“அது ஈயம் வச்சதுண்ணே. நாங்க தினம் எடுக்கறோம். வருஷம் பூரா எடுக்கறோம். எங்களுக்குச் சேந்துடக் கூடாதுன்னு.”

“சேரும்னு நீங்களே சொல்றீங்க.”

“எங்களுக்கு. ஆயிரக்கணக்கா எடுத்தா.”

“சட்டைப் பையில ஒரு அட்டை வேற. அது இன்னாது?”

“எங்க மேல எவ்ளோ பட்டுச்சுன்னு அளக்கறது.”

“உங்களுக்கு அளக்க அட்டை இருக்குது. அவளுக்கு எங்க இருக்குது?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். “நீங்க பயந்துக்கினு எட்டி நிக்கறீங்க, எங்கள பயப்படாத, நெஞ்ச நிமித்தி நில்லுங்கறீங்க.”

அப்போது முகாம் பொறுப்பாளர் காசிநாதன் கதவருகே நின்று கண்ணைக் காட்டினார். வெளியே போனேன். தாழ்வாரத்தில் கருவிப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கீழே பேருந்து நிலையத்தின் இரைச்சல்.

“இந்தாம்மா, எழுதிக் கிழுதிக் குடுத்துடாத,” என்றார். “ஒரு வரி கூட எழுதாத.”

“சார், அவங்க கலைக்கப் போறாங்க. இன்னிக்கே. இதுக்காகவே.”

“தெரியுது. ஒண்ணும் ஆவாதுன்னு நீ எழுதிக் குடுப்ப. நாளைக்கி அந்தக் கொழந்தைக்கு ஒரு சளி புடிச்சாக்கூட உன் கையெழுத்தக் கொண்டாந்து இந்தப் படிக்கட்டுல உக்காருவாங்க. நீ படம் எடுக்கிற ஆளு. படத்துல ஹீரோயினா நடிக்கிற ஆளு இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “படிவத்துல கர்ப்பம் இல்லன்னுதான டிக் இருக்குது? அந்தப் பொண்ணத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டியா?”

நான் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்ப வாய வச்சிக்கினு சும்மா இரு. வேணும்னா டாக்டருக்குப் போன் போட்டுக் குடு. அவரு சொல்லட்டும்.”

எங்கள் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் சென்னையில் இருக்கிறார். நல்ல மனிதர், அவசரக்காரர். உள்ளே வந்து அவரை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, கைப்பேசியை மேஜை நடுவில் வைத்தேன். அவர் நான் சொன்னதையே என்னைவிட நன்றாகச் சொன்னார். மார்பு எக்ஸ்ரேயால் கருவுக்குப் பாதிப்பு வந்ததாக எங்கும் இல்லை, இதற்காகக் கலைப்பது பெரிய தவறு, தேவையே இல்லை என்றார். கோகிலவாணி மேஜையை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

மாயவன் கைப்பேசியின் பக்கம் குனிந்தார். “சார், வணக்கம் சார். ஒண்ணே ஒண்ணு. கொழந்தை நூத்துக்கு நூறு நல்லா பொறக்கும்னு சொல்லிட்டீங்கன்னா நான் இப்படியே வூட்டுக்குத் திரும்பிடறேன்.”

மறுபக்கத்திலிருந்து டாக்டர் சொன்னார்: “நூத்துக்கு நூறுன்னு எந்தப் பிரசவத்துக்கும் எந்த டாக்டராலயும் சொல்ல முடியாதுங்க. எக்ஸ்ரே எடுக்காத அம்மாவுக்குக் கூட நூத்துல ரெண்டு மூணு கொழந்தைங்க ஏதாவது கொறையோட பொறக்கும். நான் என்ன சொல்றேன்னா, இந்த எக்ஸ்ரேயால அது கூடாது…”

“சரிங்க சார். புரிஞ்சிது சார். ரொம்ப நன்றி சார்,” என்றார் மாயவன். டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாயவன் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வென்ற களை இல்லை. நம்பிக்கையோடு வந்து ஏமாந்தவரைப் போல இருந்தார். “பாத்தீங்களா? பெரிய டாக்டரே சொல்ல மாட்டேங்கறாரு.”

கோகிலவாணி மறுபடி சுவருக்குப் போய்விட்டாள்.

உண்மையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் அவர் கைக்குப் போனதும் பயமாக மாறியது. இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. கல்லூரியில் எங்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. கேட்டபோது எனக்கு அது அவ்வளவு ஆறுதலாக இருந்தது. உலகம் முழுக்க மெல்லிய ஒரு மழை ஓயாமல் பெய்துகொண்டிருப்பதுபோல் அன்று மாலை முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அதைச் சொன்னால் இவருக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

“அண்ணே, இந்தக் கதிர் எங்க மிஷின்ல மட்டும் இருக்கறது இல்ல. எல்லா எடத்துலயும் இருக்குது. வானத்துலேர்ந்து வருது, மண்ணுலேர்ந்து வருது. கல்லு, பாறை, எல்லாத்துலேர்ந்தும் துளித்துளியா வந்துக்கினேதான் இருக்குது. உங்க மலையில நாலு நாள் சும்மா உக்காந்திருந்தாலே, அன்னிக்கி அந்தக் கொழந்தைக்குப் பட்டதவிட ஜாஸ்தி படும். அவ்ளோதான் விஷயம்.”

கீழே சங்கராபுரம் பேருந்துக்கு யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள்.

“பாறையிலயா?” என்றார் மாயவன்.

“ஆமாண்ணே. ரொம்பக் கம்மி. ஒண்ணும் செய்யாது.”

“எங்க பாறையில?”

“எல்லாப் பாறையிலயும்.”

அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். “எழில் வயித்துல இருக்கசொல்ல என் பொண்டாட்டி ஏழு மாசம் வரைக்கும் பாறை மேலதான் கெடந்தா. சாமை காய வச்சிக்கினு. கெழங்கு சீவிக் காய வச்சிக்கினு. மதியத்துல சூடா இருக்குது, இடுப்புக்கு எதமா இருக்குதுன்னு அங்கயே படுத்துப்பா. நான்தான் சொல்லுவேன், படுத்துக்க, வூட்ல இன்னா வேலன்னு.” என் பக்கம் நிமிர்ந்தார். “ஒம்பது வருஷமா எத்தன டாக்டரக் கேட்டேன். ஒருத்தனும் சொல்லல.”

“அண்ணே, இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் சொன்னது அது இல்ல.”

“நீங்க சொன்னது சரிதான்.”

“அந்த அளவு யாரையும் ஒண்ணும் செய்யாது. நானும் நீங்களும் எல்லாரும் அதுலதான் பொறந்து வளந்தோம்.”

“பரவால்ல மேடம்,” என்றார். என்னைத் தேற்றுகிறவர்போலப் பேசினார். “தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சிது.”

எழுந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அறையில் இருந்த பாட்டில் காலி. கீழே கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். தம்பிக்கும் ஒரு போன் போட்டுவிட்டு வருவதாகவும், மூணரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்றும், கோகிலவாணிக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். படியில் அவர் இறங்கும் சத்தம் ஏறி வந்ததைவிட மெதுவாகக் கேட்டது.

அவர் போனதும் கோகிலவாணி வந்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாதவள் இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

“அக்கா, மாமா கெட்டவரு இல்லக்கா. எழிலத் தோள்ல போட்டுக்கினுதான் தேருக்குப் போவாரு, சந்தைக்குப் போவாரு. என் மேல கோவமே இல்ல அவருக்கு. அவுங்க ரெண்டு பேர மாதிரி நானும் கஷ்டப்படக் கூடாதுன்னுதான்.”

“தெரியுதும்மா.”

“எனக்கு இது வேணும்க்கா.”

“அதையே அவர்கிட்ட சொல்லட்டுமா? கோகிலாவுக்கு வேணும்னு ஆசைன்னு?”

“அவரு தம்பிகிட்ட நானே சொல்லிட்டேன். அண்ணன் சொல்றத மீற முடியாதுன்னுட்டாரு. எல்லாருக்கும் ஆசதான். பயம்தான் ஜாஸ்தியா இருக்குது.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நெசத்த நீங்க சொல்லிப் பாத்துட்டீங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. ஒண்ணொண்ணும் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம்தான் ஏறுச்சு. இப்ப பாறை வேற.”

“தப்பு என்னுதுதாம்மா. அன்னிக்கி உன்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்.”

“அத வுடுங்கக்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அது போச்சு.” அவள் மேஜை மேல் கையை ஊன்றி முன்னால் வந்தாள். “நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி அந்தப் பலகையில நெஞ்ச வச்சிக்கினு நின்னேன். மூச்சப் புடின்னீங்க, புடிச்சேன். வுடுன்னீங்க, வுட்டேன். சூடு இல்ல. வெளிச்சம் இல்ல. எடுத்ததே தெரியல. தள்ளி நின்னுக்கினு பாத்தவருக்கு மட்டும் இன்னா தெரிஞ்சிருக்கும்?”

அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரியத் தொடங்கியது.

“நான் நின்னத மாமா பாத்தாரு. எடுத்ததப் பாக்கல. யாரும் பாக்கல. படம் எடுத்ததுக்கு நீங்க குடுத்த சீட்டு எங்கிட்டதான் இருக்குது, இதோ.” இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். “பேட்டரி தீந்து போச்சுன்னு அன்னிக்கி நீங்களே பொலம்பிக்கினு இருந்தீங்க, எல்லாரும் கேட்டாங்க. கடைசியில நின்ன எங்க ரெண்டு மூணு பேருக்குப் படம் வரலன்னு சொன்னா நம்புவாங்க. மாமாவும் நம்புவாரு. நம்பணும்னுதான் அவருக்கும் இருக்குது.”

“கோகிலா, இப்பதான நான் படத்தத் தெறந்து காட்டினேன்?”

“அவரு பாக்கலியேக்கா.”

ஆமாம், அவர் பார்க்கவில்லை. மூடிய மடிக்கணினிக்குள் அவள் பெயரோடு, தேதியோடு, நேரத்தோடு அந்தப் படம் இருந்தது. வேறு யாரோ ஒருத்தியின் படத்தைத் தவறுதலாகத் திறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அவர் தாமாகவே மீதியை நிரப்பிக்கொள்வார். நிம்மதியோடு மலையேறுவார். அந்தப் பிள்ளை பிறக்கும். நன்றாகப் பிறந்தால் சரி. டாக்டர் சொன்ன அந்த நூற்றில் இரண்டு மூன்றில் ஒன்றாகப் பிறந்துவிட்டால், கருவி ஓடியதா இல்லையா என்று என்னைக் கேட்க மறுபடியும் இதே படியேறி வருவார். இந்த முறை தோளில் இரண்டு பிள்ளைகள் இருக்கும். உண்மையைச் சொல்லியே அவருடைய ஒன்பது வருஷத்தை நான் இன்று இப்படிக் குலைத்துவிட்டேன். என் வாயிலிருந்து ஒரு பொய் போனால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியும். மணி மூன்று இருபது.

கீழே அவர் குரல் கேட்டது. போனில் யாரிடமோ, “ஆமாண்டா, பாறைதாண்டா, பாறைதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குரல் நின்றது. படியில் முதல் காலடி விழுந்தது.

கோகிலவாணி எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு, உதடு மட்டும் அசையும்படி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“அன்னிக்கி எனக்கு எடுக்கவே இல்லன்னு சொல்லிடுங்கக்கா.”